மிலிட்டரிக்காரரின் டிரங்குப் பெட்டி: போர்க்கால நினைவுகளையும் கடிதங்களையும் பாதுகாக்கும் முழு வழிகாட்டி

வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் மிலிட்டரிக்காரர் இல்லாத ஊரைக் காண்பது அரிது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தில் சொல்கிறார்கள். 1971 போரில் இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். 1962-லும் 1965-லும் களத்தில் நின்றவர்கள் எண்பதை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளையும் கடிதங்களையும் சேகரிக்க முன்வரும் பேரன் பேத்திகள், ஆசிரியர்கள், ஊர் நூலகர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் பெட்டியைத்தான் திறக்கிறார்கள். கடிதங்களைக் கண்டதும் ஆர்வத்தில் தேதிவாரியாக அடுக்கி, செல்போனில் படமெடுத்து, பெரியவரிடம் ஒன்றொன்றாகக் காட்டி விவரம் கேட்கிறார்கள். இந்த வரிசையால் இழக்கப்படுபவற்றைப் பிறகு மீட்க முடியாது. ஒப்புதல், பணி விவரம், காகிதமில்லாத பேச்சு, பெட்டி, ஸ்கேன், காகிதத்தோடு பேச்சு, எழுத்துப்படி, பாதுகாத்து வைத்தல் என்ற வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. முன்கூட்டித் தயாராக வேண்டியவை

ஒலிப்பதிவுக்கு நல்ல செல்போனும் சட்டையில் மாட்டும் சிறிய மைக்கும் போதும். பதிவு செயலியில் வேவ் வடிவத்தையும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவையும் தேர்ந்தெடுங்கள். பதிவு ஓடும்போது அழைப்பு வந்தால் சில செயலிகள் பாதியிலேயே நின்றுவிடும் என்பதால் போனை ஏரோபிளேன் மோடில் வைக்க வேண்டும்.

கடிதங்களுக்குப் படுக்கை வகை (ஃபிளாட்பெட்) ஸ்கேனர், 2பி பென்சில், மென்மையான தூரிகை, அமிலமற்ற காகித உறைகள், கறுப்புத் தாள் ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல், இரண்டு வெளி ஹார்ட் டிஸ்குகள் ஆகியவை தேவை. பேனாவை அந்த மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள். மைக்கறையை எடுக்க வழியில்லை. பலரும் வெள்ளைக் கையுறையோடு வருகிறார்கள். புகைப்படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் அது வேண்டும். மடிப்பு நைந்த கடிதத்தைக் கையுறையோடு எடுத்தால் ஓரம் தட்டுப்படாமல் கிழிந்துவிடும் என்பதால், சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய வெறும் கையே அங்கு நல்லது.

2. ஒப்புதல் வாங்குதல்

கடிதம் என்ற காகிதம் ஒருவருக்கும், அதில் எழுதப்பட்டவற்றின் பதிப்புரிமை இன்னொருவருக்கும் உரியதாக இருக்கலாம். கணவர் எழுதி மனைவி வைத்திருக்கும் கடிதத்தில் காகிதம் மனைவியுடையது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தின் உரிமை எழுதிய கணவருடையது, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையது. எனவே பெட்டியை வைத்திருக்கும் மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடிதத்தை வெளியிட்டால், வெளியூரில் இருக்கும் மகள் நியாயமாகவே ஆட்சேபிக்கலாம்.

ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பதிவு செய்தல், நூலகத்தில் வைத்தல், பொதுவில் வெளியிடுதல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று குறிக்க இடம் விடுங்கள். குறிப்பிட்ட ஆண்டுவரை திறக்கக்கூடாது என்று நிபந்தனை எழுதவும் ஒரு வரி வேண்டும். பேச்சு முடிந்து பெரியவர் களைத்திருக்கும்போது படிவத்தை நீட்டாதீர்கள். முந்தைய நாளே கொடுத்து வீட்டில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதிகாரபூர்வ ரகசியச் சட்டம், 1923, ஓய்வுக்குப் பிறகும் பொருந்தும். போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-இல் கொள்கை வகுத்திருக்கிறது. ஆனால் அது அரசு தன் ஆவணங்களைக் கையாளும் முறையைப் பற்றியது. தனிப்பட்டவர் தன் வீட்டில் உள்ளதை வெளியிட அது அனுமதி ஆகாது. பெட்டியில் ரகசிய முத்திரையிட்ட தாளோ வரைபடமோ கிடைத்தால் ஸ்கேன் செய்யாமல் அப்படியே தனியாக வைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகத் தம் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசைக் கேட்கும்படி பெரியவரிடம் சொல்லுங்கள்.

3. பணி விவரத்தை உறுதிசெய்தல்

டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுபடும்போது தரப்படும் பணிப் புத்தகம்), ஓய்வூதிய ஆணை, பதக்கங்கள் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். அவற்றிலிருந்து படை எண், ரேங்க், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விடுபட்ட நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு ஹவில்தார்கள் இருப்பது இப்பகுதி ஊர்களில் சாதாரணம். பின்னாளில் யார் யார் என்று பிரித்துக் காட்டுவது படை எண் ஒன்றுதான்.

பதக்கத்தின் விளிம்பையும் பின்புறத்தையும் பார்த்தால் பெரும்பாலும் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். 1965-க்கு சமர் சேவா ஸ்டார், 1971-இல் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார், கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார் என்று பதக்கமே அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று சொல்லிவிடும். பெரியவர் வங்கதேசம் என்று சொல்லிப் பதக்கம் பஸ்சிமியாக இருந்தால், பேச்சில் அந்த இடத்துக்கு வரும்போது கவனமாகக் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போதே திருத்தப் போகாதீர்கள். பளபளப்புக்காகப் பதக்கத்தைத் தேய்க்கவும் வேண்டாம். நாள்பட்ட தேய்ப்பில் பொறித்த எழுத்து மழுங்கிவிடும்.

4. முதல் பேச்சு: காகிதம் இல்லாமல்

இந்த வழிகாட்டியில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் படி இதுவே. கடிதங்களைப் பெரியவருக்குக் காட்டுவதற்கு முன்பே அவருடைய நினைவை அவர் சொல்லும் விதத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.

காரணம் கடிதத்தின் இயல்பில் இருக்கிறது. முன்னணியிலிருந்து வந்த கடிதம் பெரும்பாலும் அம்மாவுக்கோ மனைவிக்கோ எழுதப்பட்டது. "நான் நலம், இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தம்பியைப் பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லவும்" என்று அது போகும். வீட்டார் பயப்படக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட அந்தக் கடிதத்தை ஐம்பது ஆண்டு கழித்துப் படிக்கும் பெரியவர், அதில் இருப்பதைத்தான் நடந்ததாகச் சொல்லத் தொடங்குகிறார். கடிதத்தில் இல்லாதது மெல்லப் பின்னுக்குப் போய்விடுகிறது.

"போர் எப்படி இருந்தது?" என்று தொடங்கினால் செய்தித்தாளில் படித்ததே திரும்ப வரும். "ஆள் எடுப்புக்கு யாரோடு போனீர்கள், ஐயா?", "காட்பாடியில் எந்த வண்டி ஏறினீர்கள்?", "வெலிங்டனில் முதல் வாரம் லங்கரில் என்ன போட்டார்கள்?" என்று இடத்தையும் பொருளையும் ஒட்டிக் கேளுங்கள் (வெலிங்டன் நீலகிரியில் மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் உள்ள ஊர், லங்கர் என்பது படைச் சமையற்கூடம்). இப்படி ஊரிலிருந்து படிப்படியாக நகர்ந்தால் போர் தானாக வரும். உறவுமுறையில் தாத்தா என்று அழைப்பவராக இருந்தாலும், பதிவின்போது ஒருமுறையாவது சுபேதார் ஐயா, நாயக் ஐயா என்று ரேங்கோடு விளித்துப் பாருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றை உரக்கச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் அழிந்தாலும் குரல் தன்னை அடையாளம் காட்டும். ஒரு அமர்வு ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஃபேன் சத்தம் பதிவைக் கெடுக்கும், ஆனால் வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு எண்பது வயதுக்காரரிடம் கதை கேட்பது முறையாகாது; ஆகவே காலை ஏழு மணிக்குப் போய்விடுங்கள். குக்கர் விசிலுக்கும் பால்காரருக்கும் முன்பே முக்கால்வாசிப் பேச்சு முடிந்திருக்கும்.

அமைதியை நிரப்பப் பாயாதீர்கள். பெரியவர் பேச்சை நிறுத்தினால் மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். அடுத்து வருவதுதான் பெரும்பாலும் அவர் இதுவரை யாரிடமும் சொல்லாததாக இருக்கும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற கேள்வியை எந்த வடிவத்திலும் கேட்கக் கூடாது. அவர் கலங்கினால் பதிவை நிறுத்துங்கள், ஆனால் உடனே எழுந்து வந்துவிடாமல் வீட்டார் யாராவது பக்கத்தில் வரும்வரை இருங்கள். தொடர்ந்து உறக்கமின்மையோ கலக்கமோ இருந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர்களிடம் கூடுதல் பொறுமை வேண்டும். தமிழ் பேசும் மண்ணில் ஆயுதத்தோடு நின்ற தமிழர்கள் அவர்கள். 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. ஊரிலும் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசும் சூழல் இருக்கவில்லை. அவர்களில் பலர் முதல் அமர்வில் பயிற்சியோடும் சியாச்சினோடும் நிறுத்திக்கொள்வார்கள். அதை ஏற்றுக்கொண்டு, உங்கள் அரசியல் கருத்தை வெளிக்காட்டாமல் இரண்டாம் முறை போங்கள். அவர்கள் குறிப்பிடும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பெயர்களைப் பொதுப் பிரதியில் மறைத்துவிடுவது கட்டாயம்.

இன்னொரு தவறு, துப்பாக்கி பிடித்தவரை மட்டும் தேடிப்போவது. லாரி ஓட்டியவர், பாலம் போட்ட மதராஸ் சாப்பர், வயர்லெஸ்காரர், சமையற்காரர் ஆகியோர் "நான் ஒன்றும் சண்டை போடவில்லையே" என்று ஒதுங்குவார்கள். களத்துக்கு என்ன போனது, என்ன திரும்பி வந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

மனைவியைத் தனியாக, வேறொரு நாளில் பதிவு செய்யுங்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் மனைவி கணவர் சொல்லும் ஆண்டுகளைத் திருத்துவதோடு நிறுத்திக்கொள்வார். தனியாகக் கேட்டால் தந்தி வந்த நாள், மணியார்டர் வராத மாதம், கடிதத்தைப் படித்துக் காட்டியவர் யார் என்று வேறொரு போர்க்காலம் வெளிவரும்.

5. பெட்டியைத் திறத்தல்

வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் ரேங்கும் பெயரும் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியை மூடியபடியே நான்கு பக்கமும் படமெடுங்கள். பிறகு திறந்து, எதையும் தொடாமல் மேலிருந்து ஒரு படம். ஒவ்வொரு அடுக்கை எடுத்தபின்னும் ஒரு படம்.

கட்டுகளைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்க வேண்டாம். எந்தக் கடிதத்தை எதோடு சேர்த்துக் கட்டினார்கள் என்பதே ஒரு தகவல். 1971 டிசம்பர்க் கடிதங்களோடு ஒரு தந்தியும் கோயில் விபூதிப் பொட்டலமும் சேர்ந்து இருந்தால், அந்த மூன்றும் ஒரே காரணத்தால் ஒன்றாக இருக்கின்றன. தேதி வரிசை வேண்டுமானால் கடிதங்களுக்கு நீங்கள் தயாரிக்கும் பட்டியலில் செய்துகொள்ளலாம்.

எண் கொடுக்கும் முறை எளிதாக இருக்கட்டும். ஆள் எண், கட்டு எண், கடித எண், பக்க எண் என்று 003-02-017-1 போல எழுதினால் போதும். கடிதத்தைக் கெட்டியான பரப்பில் வைத்து, எழுத்தில்லாத மூலையில் பென்சிலால் மெல்லக் குறியுங்கள். அதே எண்தான் கோப்பின் பெயரும்.

உறையையும் இன்லேண்ட் லெட்டரின் முகவரிப் பக்கத்தையும் தூக்கிப்போடுவது, தபால்தலைக்காக மூலையை வெட்டுவது ஆகிய இரண்டும் அடிக்கடி நடக்கின்றன. களத்திலிருந்த வீரரின் முகவரி 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ஏபிஓ என்பது ராணுவத் தபால் நிலையம்) என்றே இருக்கும்; இடத்தைக் கடிதத்திலும் எழுதக் கூடாது என்பது கட்டளை. பொதுவாக 99 கிழக்குப் பகுதிக்கும் 56 மற்றப் பகுதிகளுக்கும் உரியது. அதற்குமேல் நெருங்கிப் போக வேண்டுமானால் களத் தபால் நிலைய முத்திரையில் உள்ள எண்ணும் தேதியுமே துணை. மங்கிய முத்திரையைச் சாய்வாக விழும் வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பெட்டியில் இருப்பது பெரும்பாலும் பாதி உரையாடல்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவை இருக்கும். வீட்டிலிருந்து போனவற்றைப் பங்கரிலும் அணிவகுப்பிலும் பத்திரப்படுத்த வழியில்லாமல் வீரர்கள் எரித்திருப்பார்கள் அல்லது விட்டு வந்திருப்பார்கள். அந்த மறுபாதிக்கு மணியார்டர் கூப்பன்களைத் தேடுங்கள். செய்தி எழுத விட்ட அந்தச் சிறிய இடத்தில் "வட்டி கட்டவும், மாட்டை விற்க வேண்டாம்" என்ற ஒரு வரி, வீட்டிலிருந்து போன கடிதத்தில் என்ன கேட்டிருந்தார்கள் என்பதைக் காட்டிவிடும்.

ஒட்டிக்கொண்ட மடிப்பை நீராவியில் பிரிக்காதீர்கள். அக்காலக் கடிதங்களில் சில மைப்பென்சிலால் எழுதப்பட்டவை. பார்க்கச் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதாவாக மாறிப் பரவிவிடும். பிரியாத மடிப்பைப் பிரியாத மடிப்பாகவே ஸ்கேன் செய்துவிட்டு, காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். பூஞ்சை பூத்த கட்டை வெயிலில் காயவைக்காமல், முகக்கவசம் அணிந்து, நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, உலர்ந்தபின் தூரிகையால் துடைக்க வேண்டும்.

6. ஸ்கேன்

600 டிபிஐ, முழு வண்ணம், டிஃப் வடிவம், இரு பக்கமும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். பக்கம் தவறவில்லை என்பதற்கு அதுவே சான்று. இன்லேண்ட் தாள் மெல்லியது என்பதால் பின்பக்க எழுத்து தெரியும். பின்னால் கறுப்புத் தாளை வைத்தால் பெரும்பகுதி மறைந்துவிடும். ஓரத்தில் அளவுகோல் தெரியட்டும். தானாக வெளுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், ஏனெனில் மஞ்சளோடு சேர்த்து மங்கிய பென்சில் எழுத்தையும் அது அழித்துவிடும். தாளை உள்ளே இழுக்கும் வகை ஸ்கேனர் பக்கமே போக வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

7. இரண்டாவது பேச்சு: கடிதத்தோடு

இப்போது கடிதத்தைப் படித்துக் காட்டலாம். மூலத்தைக் கையில் கொடுக்காமல், பெரிய எழுத்தில் எடுத்த அச்சுப்படியைக் கொடுத்து, எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

முதல் பேச்சுக்கும் கடிதத்துக்கும் முரண் வரும். அதற்காகவே இரண்டையும் பிரித்து வைத்தோம். ஒருவர் முதல் அமர்வில் 1971 டிசம்பரில் தோளில் குண்டுச் சில்லு பட்டது என்று சொல்லியிருந்தார். அந்த வாரக் கடிதமோ லேசான காய்ச்சல், மருத்துவமனையில் இருக்கிறேன் என்றது. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டு, "கையெழுத்தைப் பாருங்கள், என்னுடையதா அது?" என்றார். வலது கையைத் தூக்க முடியாததால் பக்கத்துக் கட்டில்காரர் எழுதியது. அம்மாவுக்காகக் காய்ச்சல் ஆனது. டிஸ்சார்ஜ் புக்கின் மருத்துவக் குறிப்பு அவர் வாய்மொழியோடு ஒத்துப்போனது. கடிதத்தை முதலிலேயே காட்டியிருந்தால் காய்ச்சல் என்பதோடு அது முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

முரண் எல்லா முறையும் இப்படித் தீராது. தீராதபோது வாய்மொழி இது, கடிதம் இது, ஆவணம் இது என்று மூன்றையும் பக்கம்பக்கமாக எழுதி விட்டுவிடுங்கள். எது உண்மை என்று தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை ஆகாது.

8. எழுத்துப்படி

பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். "போய்னு இருந்தோம்" என்பதைச் "சென்றுகொண்டிருந்தோம்" என்று மாற்றினால் வட ஆர்க்காட்டுக் குரல் போய்விடும். பிக்கெட் (காவல் நிலை), பங்கர் (பதுங்கு குழி), புக்காரி (அறையைச் சூடாக்கும் அடுப்பு), சாப் (ஐயா) போன்ற படைச் சொற்களை அப்படியே விட்டு, அடிக்குறிப்பில் விளக்கம் தரலாம். கடிதத்தின் எழுத்துப் பிழைகளையும் திருத்த வேண்டாம். படிக்க முடியாத சொல்லுக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி, ஊகித்த சொல்லுக்குச் சதுர அடைப்பில் அந்தச் சொல்லும் கேள்விக்குறியும் என்று ஒரே முறையைக் கடைசிவரை கடைப்பிடியுங்கள். தமிழ் மாதத் தேதியிட்ட கடிதங்களுக்குப் பஞ்சாங்கம் பார்த்து ஆங்கிலத் தேதியைப் பட்டியலில் மட்டும் சேர்க்கலாம்.

தானியங்கி எழுத்துமாற்றச் செயலிகள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஊர்ப்பெயரிலும் ரேங்கிலும் படைப்பிரிவு எண்ணிலும் அவை தவறுவதால், ஒலியோடு ஒருமுறை முழுதாக ஒத்துப்பார்க்காமல் எதையும் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

9. மூலங்களை வைத்தல்

லாமினேஷன், செல்லோ டேப், ரப்பர் பேண்ட், குண்டூசி, ஸ்டேப்ளர் ஆகிய ஐந்தும் விலக்கு. முதலிரண்டும் காகிதத்தோடு ஒட்டி உயிரை எடுக்கும், ரப்பர் உருகிக் கறையாகும், கம்பிகள் துருப்பிடிக்கும். கடிதத்தை விரித்து, அமிலமற்ற உறையில் ஒன்றொன்றாக இட்டு, தட்டையாக அட்டைப் பெட்டியில் வையுங்கள். பரணில் சூடும், சமையலறையை ஒட்டிய அலமாரியில் புகையும், வெளிச்சுவரை ஒட்டிய இடத்தில் ஓதமும் சேரும் என்பதால் உள்ளறையில் உள்ள பீரோவின் நடுத்தட்டே ஏற்றது. பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து, காகிதத்தில் படாதபடி வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

டிரங்குப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதுவும் ஆவணந்தான்.

10. நகல்களும் ஒப்படைப்பும்

மூன்று நகல்கள், இரண்டு விதமான ஊடகங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது குறைந்தபட்ச ஏற்பாடு. பென் டிரைவை எடுத்துச் செல்ல மட்டும் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சில கோப்புகளைத் திறந்து கேட்டும் பார்த்தும் உறுதிசெய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஐந்தாண்டு திறக்காமல் இருந்து ஏமாந்தவர்கள் அதிகம்.

வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையம், பெங்களூரில் உள்ள மதராஸ் சாப்பர் மையம், சென்னை எழும்பூரின் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மாவட்ட மைய நூலகம் ஆகியவற்றுக்கு முதலில் பட்டியலை மட்டும் அனுப்பி, எதை எந்த நிபந்தனையோடு ஏற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நகலைக் கொடுங்கள். மூலத்தைக் கொடுப்பது குடும்பத்தார் கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. கொடுத்தால் ஒப்பந்தத்தில் ஒப்புதல் படிவத்தின் நிபந்தனைகள் அப்படியே இடம்பெற வேண்டும்.

ஸ்கேனுக்காக வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற கடிதங்களைத் திருப்பித் தரும்போது, பட்டியலை வைத்து எண் எண்ணாகப் படித்து, வீட்டார் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டபின் இரு பிரதியிலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதியைப் பீரோவில் கடிதங்களோடு வையுங்கள், மற்றொன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும்.